கையெழுத்துக்கு முன் கேட்கப்படாத ஒரு கேள்வி

(நீண்ட பதிவு. லேசிக் செய்துகொள்ள எண்ணியிருப்போரும் அவர்களுடன் மருத்துவமனைக்குச் செல்வோரும் பொறுமையுடன் படிக்க வேண்டுகிறேன்.)

சென்ற மாதம் ஹைதராபாதில் ஒரு தனியார் கண் மருத்துவமனையின் காத்திருப்புக் கூடத்தில் ஒரு முற்பகல் முழுவதும் அமர்ந்திருந்தேன். உடன் ஆய்வு செய்யும் தோழி ஒருவரின் தம்பிக்கு அன்று லேசிக் அறுவைச் சிகிச்சை நடைபெறுவதாக இருந்தது. தோழி ஊருக்குப் போயிருந்தமையால் உடனிருப்பவராக நான் சென்றேன். அவருக்கு வயது 22, சேலம் மாவட்டத்துக்காரர். இந்நகரில் இருசக்கர வண்டியில் வீடு வீடாகப் பொருள் கொண்டுசேர்க்கும் வேலை. பெரும்பாலும் இரவு நேரத்தில். இரு கண்களிலும் மைனஸ் 6-ஐ ஒட்டிய பவர்.

ஒப்புதல் படிவம் வந்தது. ஒரு பக்கம் ஆங்கிலம், மறுபக்கம் தெலுங்கு. தம்பி தெலுங்கு நன்றாகவே பேசுவார், படிக்க அறியார். ஆங்கிலத்தை எழுத்துக்கூட்டிப் படிப்பார். கையொப்பமிட வேண்டிய இடங்களிலெல்லாம் பென்சிலால் பெருக்கல் குறி இட்டிருந்தார்கள். குறி இருந்த இடங்களில் கையொப்பமிடத் தொடங்கியவர் இடையில் நிறுத்தி என்னிடம் கேட்டார்:

"அக்கா, தொழில்னு ஒண்ணு கேட்டிருக்காங்க. இப்ப பாக்குறத எழுதவா, ரயில்வேன்னு எழுதவா?"

"ரயில்வேயா?"

"ஆமாங்க்கா. உதவி லோகோ பைலட் வேலைக்குப் போடப் போறேன். கண்ணாடி இல்லாம 6/6 வேணுமாம். அதுக்குத்தான இத்தனையும்."

அவருடைய கைப்பேசியில் இருந்த பணி அறிவிக்கையை வாங்கிப் பார்த்தேன். அதுவும் ஆங்கிலத்தில்தான் இருந்தது. கல்வித் தகுதி, வயது வரம்பு, தேர்வுக் கட்டணம் ஆகியவற்றை யாரோ அவருக்குப் படித்துச் சொல்லியிருந்தார்கள். மருத்துவத் தகுதிப் பகுதியை எவரும் சொல்லவில்லை. ரயில் ஓட்டுநர் பணிக்குரிய பார்வைத் தரத்துக்குக் கண்ணாடியின்றி 6/6 வேண்டும் என்பது உண்மை. லேசிக்கோ, பார்வைக் குறையைத் திருத்தும் வேறு அறுவைச் சிகிச்சையோ செய்துகொண்டவர் அப்பணிக்குத் தகுதியற்றவர் என்பதும் அதே பகுதியில் எழுதப்பட்டிருந்த உண்மை. எந்த வேலைக்காக அவர் குடும்பம் கடன் வாங்கியதோ, அந்த வேலையின் கதவை அந்தச் சிகிச்சையே அடைத்துவிடும்.

மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டோம். சிறிது நேரம் கழித்து அவர் வந்தார். செய்தியைக் கேட்டதும் ஒரு நொடியும் தயங்காமல், "அப்படியானால் இன்று செய்ய வேண்டாம்" என்றார். பிறகு தம்பியிடம் இந்தியில் கேட்டார்: "இதை ஏன் முன்பே சொல்லவில்லை?"

அவர் சொன்ன விடை: "யாரும் கேட்கவில்லையே, மேடம்."

பொய் சொன்னவர் எவரும் இல்லை. மருத்துவர் நேர்மையானவர், கருவிகள் புதியவை, பரிசோதனை அறிக்கைகள் கோப்பில் ஒழுங்காக அடுக்கப்பட்டிருந்தன. ஆயினும் அதுவரை நடந்த மூன்று சந்திப்புகளிலும் "இதை நீங்கள் எதற்காகச் செய்துகொள்கிறீர்கள்?" என்ற கேள்வியை அவருக்குப் புரியும் மொழியில் எவரும் கேட்கவில்லை. அவரும் அவர்களிடம் எதையும் கேட்கவில்லை. பேச்சு முழுவதும் கட்டணத்தைப் பற்றியும் எந்த வகை லேசர் என்பதைப் பற்றியுமே இருந்தது.

நான் மருத்துவர் அல்லேன், மொழியியல் படித்தவள். இப்பதிவு லேசிக்குக்கு எதிரானதும் அன்று. தகுதியான கண்ணில் தகுந்த பரிசோதனைக்குப் பின் செய்யப்படும்போது அது மிக நல்ல பலன் தரும் சிகிச்சைகளுள் ஒன்று. என் வாதம் ஒன்றே: லேசிக்கில் தலையாய கட்டம், லேசர் இயங்கும் அந்தச் சில நொடிகளுக்கு முன்னரே முடிந்துவிடுகிறது. இந்தக் கண்ணுக்கு, இந்த மனிதருக்கு, இந்த வாழ்க்கைக்கு இது பொருந்துமா என்று தேர்கின்ற உரையாடலே அக்கட்டம். அவ்வுரையாடல் நோயாளிக்கு விளங்கும் மொழியில் நிகழாவிட்டால் படிவத்தில் உள்ள கையொப்பத்துக்கு ஒப்புதல் என்னும் பெயர் பொருந்தாது.

லேசரின் துல்லியத்தில் எனக்கு ஐயமில்லை. அதன் வரலாற்றில் நமக்கும் ஒரு பங்குண்டு. 1981 நவம்பரில், நியூயார்க் மாநிலத்திலுள்ள ஐபிஎம் ஆய்வகத்தில், சென்னைப் பல்கலைக்கழகத்தில் பயின்ற ரங்கசாமி ஸ்ரீநிவாசன் தம் வீட்டு விருந்தில் மிஞ்சிய வான்கோழி இறைச்சியைக் கொண்டுவந்து எக்சைமர் லேசரின் கீழ் வைத்தார். சுற்றியுள்ள திசுவைக் கருக்காமல் லேசர் அதைச் சீராகச் செதுக்கிற்று. ஜேம்ஸ் வைன், சாமுவேல் புளூம் ஆகிய இருவருடன் அவர் கண்டறிந்த அந்த உண்மையே, 193 நானோமீட்டர் அலைநீள ஒளியால் கண்ணைச் செதுக்கும் இன்றைய முறைக்கு அடித்தளம். ஒரு துடிப்பில் அது நீக்குவது ஒரு மைக்ரானிலும் குறைவான தடிமன்; ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. கருவி இவ்வளவு துல்லியமாகிவிட்டபின் எஞ்சும் ஐயங்கள் கண்ணைப் பற்றியவையும் அக்கண்ணுக்கு உரியவரைப் பற்றியவையுமே.

முதலில் செய்முறையை எளிய சொற்களில் காண்போம். கண்ணின் முன்புறத்தில், கைக்கடிகாரத்தின் மேல்கண்ணாடிபோல் வளைந்திருக்கும் ஒளிபுகு படலத்தின் பெயர் கார்னியா. கண்ணின் மொத்த ஒளிக்குவிப்பு ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு அதனுடையது. லேசிக்கில் அதன் மேற்புறத்தை மெல்லிய மடலாக அறுத்துப் புத்தகத்தின் அட்டைபோல் ஒருபுறம் திருப்பி வைக்கிறார்கள். அடியிலுள்ள திசுவை லேசரால் செதுக்குகிறார்கள். மடலை மீண்டும் மூடிவிடுகிறார்கள். செதுக்கிய திசு மீண்டும் வளர்வதில்லை.

இனிக் கணக்கு. கார்னியாவின் நடுப்பகுதித் தடிமன் பெரும்பாலோருக்கு 500 முதல் 560 மைக்ரான் வரை, அதாவது அரை மில்லிமீட்டர் அளவில் இருக்கும். மடலுக்கு 100 முதல் 120 மைக்ரான் போகும். கிட்டப்பார்வையில் ஒரு பவரைக் குறைக்க ஏறத்தாழ 12 முதல் 15 மைக்ரான் செதுக்க வேண்டும். மடலுக்கு அடியில் குறைந்தது 250 மைக்ரானாவது எஞ்ச வேண்டும் என்பது நெடுநாளைய வரம்பு. பலர் 300 எஞ்சுவதையே விரும்புகிறார்கள். 540 மைக்ரான் கார்னியாவும் மைனஸ் 4 பவரும் உடையவருக்கு, மடலுக்கு 110-உம் செதுக்கலுக்கு 56-உம் போக 374 எஞ்சும்; அச்சமில்லை. 480 மைக்ரான் கார்னியாவும் மைனஸ் 9 பவரும் உடையவருக்கு அதே கணக்கில் எஞ்சுவது 244, செய்யக்கூடாது. இந்தக் கணக்கை எட்டாம் வகுப்பு மாணவர் போட்டுவிடுவார். ஆனால் தம் கார்னியாவின் தடிமன் எவ்வளவு என்பதை அறிந்து மேசைக்குச் செல்லும் நோயாளிகள் எத்தனை பேர்? தம்பியின் கோப்பில் அந்த எண் இருந்தது, அவருக்குத் தெரியாது.

தடிமன் மட்டும் போதாது, வடிவமும் வேண்டும். சிலருக்குக் கார்னியா இயல்பிலேயே வலுக்குன்றி, மெல்ல மெலிந்து, கூம்புபோல் முன்தள்ளும். கெரட்டோகோனஸ் என்பது அதன் பெயர். தொடக்க நிலையில் நோயாளிக்கு ஒன்றும் தெரியாது. பவர் அடிக்கடி மாறுவதும் சிலிண்டர் பவர் கூடுவதும்தான் அடையாளம். கண்ணை ஓயாமல் கசக்கும் பழக்கத்துக்கும் இதற்கும் தொடர்புண்டு. குடும்பத்திலும் தொடரலாம். இத்தகைய கண்ணில் லேசிக் செய்தால், மெலிந்த சுவரை மேலும் மெலியச் செய்தது போலாகும். கார்னியா முன்தள்ளிப் பார்வை குலைந்து, சாதாரணக் கண்ணாடியாலும் தெளியாத நிலை வரும். இதைத் தடுக்கவே கார்னியாவின் மேடுபள்ளங்களை வண்ணப்படமாகக் காட்டும் டோபோகிராபி, டோமோகிராபி ஆய்வுகள் எடுக்கப்படுகின்றன. காண்டாக்ட் லென்ஸ் கார்னியாவின் வடிவத்தைத் தற்காலிகமாக மாற்றிவிடும். ஆகவே மென்மையான லென்ஸை இரண்டு வாரமும், டோரிக் அல்லது வாயு ஊடுருவும் கடின லென்ஸை மூன்று வாரமும் அதற்கு மேலும் நிறுத்திய பின்னரே அளவெடுக்க வேண்டும். "நேற்றுவரை லென்ஸ் போட்டிருந்தேன்" என்று சொல்பவருக்கு இன்றே அளவெடுத்து நாளையே தேதி கொடுக்கும் இடத்திலிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

இனி என் துறைக்குரிய பகுதிக்கு வருகிறேன். விளம்பரங்களில் வரும் சில சொற்களை எடுத்துப் பார்ப்போம்.

முதற்சொல் "நிரந்தரம்". கார்னியாவில் செய்யப்படும் மாற்றம் நிரந்தரமானது. திரும்பப் பெற முடியாது. ஆனால் கிடைக்கும் பவரற்ற நிலை நிரந்தரமாக இருந்தே தீரும் என்ற பொருள் அச்சொல்லுக்கு இல்லை. பவர் இன்னும் ஏறிக்கொண்டிருக்கும் இளவயதில் செய்துகொண்டால் சில ஆண்டுகளில் மீண்டும் கண்ணாடி வரலாம். அதனால்தான் 18 வயது நிரம்பியிருக்க வேண்டும், குறைந்தது ஓராண்டு பவர் மாறாதிருக்க வேண்டும் என்கிறார்கள். கருவுற்றிருக்கும்போதும் பாலூட்டும்போதும் பவர் மாறக்கூடும் என்பதால் அக்காலத்தில் செய்வதில்லை. விளம்பரத்தில் ஒரே சொல் இரண்டு பொருள்களையும் சுமக்கிறது; வாசிப்பவர் தமக்கு வேண்டிய பொருளை எடுத்துக்கொள்கிறார்.

இரண்டாவது "கத்தியில்லா". மடலை அறுக்க முன்பு எஃகு அலகு பயன்பட்டது. இன்று பெரும்பாலும் ஃபெம்டோசெகண்ட் லேசர். கருவி மாறியிருக்கிறது, அறுப்பு இருக்கவே செய்கிறது. மடல் ஓரங்களில் ஆறினாலும் பழைய வலிமைக்குத் திரும்புவதில்லை. பல ஆண்டுகளுக்குப் பிறகும் கண்ணில் பலத்த அடி பட்டால் விலகக்கூடும். கபடி, குத்துச்சண்டை, படைப்பயிற்சி போன்றவற்றில் ஈடுபடுவோருக்கு மடலே இல்லாத பிஆர்கே முறை ஏற்றதாகலாம். அதில் மேல்தோல் மட்டும் நீக்கப்படும், சில நாள் வலி இருக்கும், பார்வை தெளியவும் நாளாகும். ஸ்மைல் முறையில் மடல் இல்லை, சிறு துளை வழியே உள்திசு எடுக்கப்படுகிறது. கார்னியா மெலிந்தவர்களுக்கும் மிகுந்த பவர் உடையவர்களுக்கும் கண்ணுக்குள்ளேயே வைக்கும் ஐசிஎல் லென்ஸ் ஒரு மாற்று. அது கண்ணின் உள்ளே செய்யும் அறுவை என்பதால் அதன் இடர்கள் வேறு. கட்டணப் பட்டியலில் இவை ஏறுவரிசையில், ஒன்றைவிட மற்றொன்று மேலானது போல் அடுக்கப்பட்டிருக்கும். உண்மையில் இவை வெவ்வேறு கண்களுக்கும் வெவ்வேறு வாழ்க்கைகளுக்கும் உரியவை. கண்ணாடி என்ற மாற்றும் அப்பட்டியலில் இடம்பெற வேண்டும். அது எங்கும் அச்சிடப்படுவதில்லை.

மூன்றாவது "சிறு அசௌகரியம்". மடலை அறுக்கும்போது கார்னியாவின் நரம்பிழைகளும் அறுபடுகின்றன. அவை மீள மாதங்கள் ஆகும். அதுவரை கண் உலர்வது பொதுவானது, சிலருக்கு நீடிக்கும். இரவில் விளக்குகளைச் சுற்றி ஒளிவளையம், நட்சத்திரம்போல் சிதறும் கதிர், கண்கூச்சம், எழுத்துக்கு நிழலெழுத்து ஆகியவை தோன்றலாம். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் பிற அரசு அமைப்புகளுடன் சேர்ந்து நடத்திய ப்ரௌல் ஆய்வுகளின் முடிவு 2017-இல் வெளிவந்தது. அறுவைக்கு முன் எவ்விதக் காட்சித்தொல்லையும் இல்லாதிருந்தவர்களில் 46 விழுக்காட்டினர் வரை, மூன்று மாதம் கழித்து ஏதேனும் ஒரு தொல்லை புதிதாக இருப்பதாகக் கூறினர், பெரும்பாலும் ஒளிவளையம். முன்பு கண் உலர்வு இல்லாதவர்களில் 30 விழுக்காட்டினர் வரை உலர்வைக் குறிப்பிட்டனர். அதே ஆய்வில், அன்றாட வேலைகளுக்கே பெரும் இடர்ப்பாடு என்றவர்கள் 1 விழுக்காட்டுக்கும் குறைவு. பார்வையில் நிறைவுற்றவர்கள் 95 விழுக்காட்டுக்கும் மேல். இவ்வெண்கள் அனைத்தும் ஒருசேர உண்மை. முதல் எண்ணை மட்டும் சொல்பவர் அச்சுறுத்துகிறார். கடைசி எண்ணை மட்டும் சொல்பவர் விற்கிறார். நோயாளிக்கு இரண்டும் தேவை. இரவில் வண்டி ஓட்டிப் பிழைப்பவருக்கு எதிரே வரும் லாரியின் விளக்கில் ஒளிவளையம் தோன்றுவதைச் "சிறு அசௌகரியம்" என்று வேறொருவர் முடிவு செய்துவிட முடியாது.

நான்காவது, விளம்பரங்களில் இடம்பெறாத ஒரு சொல்: வெள்ளெழுத்து. நாற்பதை ஒட்டிக் கண்ணின் உள்வில்லை நெகிழ்வை இழப்பதால் அருகிலுள்ள எழுத்து மங்கும். லேசிக் இதைத் தடுக்காது. படிக்கும் கண்ணாடி வரும். கிட்டப்பார்வைக்காரர் பலர் அந்த வயதில் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் புத்தகத்தைப் படிப்பதைப் பார்த்திருப்பீர்கள். லேசிக் அந்த வசதியை எடுத்துக்கொள்கிறது. 38 வயதில் மைனஸ் 2.5 பவரை நீக்கிக்கொள்பவர் தூரக் கண்ணாடியைக் கொடுத்துவிட்டுச் சில ஆண்டுகளில் கிட்டக் கண்ணாடியை வாங்கிக்கொள்கிறார். அது நல்ல மாற்றாகவும் இருக்கலாம். முன்பே தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவே. மராத்தியில் இக்குறையை நாற்பதைக் குறிக்கும் "சாளிஷி" என்ற சொல்லாலும், தெலுங்கில் "சத்வாரம்" என்றும் வழங்குகிறார்கள். இரண்டிலும் நாற்பது என்ற எண் ஒளிந்திருக்கிறது. நம் ஊர்ப் பாட்டிகள் அறிந்திருந்த இந்த வயதுக்கணக்கு பளபளப்பான கையேட்டில் இல்லை.

ஐந்தாவது "கண் சரியாகிவிடும்". கிட்டப்பார்வை உடைய கண் சற்றே நீண்ட கண். லேசிக் முன்புற வளைவைத் திருத்துகிறது. நீளம் அப்படியே இருக்கிறது. நீண்ட கண்ணின் விழித்திரை இழுபட்டு மெலிந்திருக்கும். கிழியவும் பிரியவும் வாய்ப்பு அதிகம். அந்த வாய்ப்பு கண்ணாடியோடு போய்விடாது. ஆகவே அறுவைக்கு முன் சொட்டுமருந்திட்டுப் பாவையை விரித்து விழித்திரையின் ஓரம்வரை பார்க்க வேண்டும். பின்னரும் ஆண்டுதோறும் பார்க்க வேண்டும். திடீரென மிதக்கும் கரும்புள்ளிகள் பெருகினாலும், மின்னல்போல் ஒளி தெரிந்தாலும், பார்வையின் ஒரு பக்கம் திரை விழுந்தாற்போல் இருண்டாலும், "எனக்குத்தான் பவர் இல்லையே" என்று இருந்துவிடாமல் அன்றே மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

இதனுடன் சேர்ந்த இன்னொரு செய்தி: அறுவைக்கு முந்தைய அறிக்கைகளை வாழ்நாள் முழுவதும் பாதுகாக்க வேண்டும். அறுபது வயதில் கண்புரை அறுவையின்போது உள்ளே வைக்கும் லென்ஸின் பவரைக் கணக்கிட, லேசிக் செய்த கண்ணில் வழக்கமான சூத்திரங்கள் பிழைபடக்கூடும். பழைய அளவுகள் அப்போது உதவும். மெலிந்த கார்னியாவில் கண் நீர் அழுத்தம் உண்மையைவிடக் குறைவாகக் காட்டும். கிளாக்கோமா இருந்தாலும் தப்பிவிடலாம். எனவே எந்தக் கண் மருத்துவரிடம் சென்றாலும் "லேசிக் செய்திருக்கிறேன்" என்பதை முதலில் சொல்ல வேண்டும். உங்கள் மருத்துவப் பதிவுகளைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது மருத்துவர்களுக்கான 2002-ஆம் ஆண்டு நடத்தை விதிகளிலேயே உண்டு.

பணத்தைப் பற்றியும் ஒரு வரி. கண்ணாடி பவர் 7.5 டயாப்டருக்குக் குறைவாக இருந்தால் அதைத் திருத்தும் செலவு, காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் வகுத்த பொது விலக்குகளுள் அடங்கும். "காப்பீட்டில் கிடைத்துவிடும்" என்று எவரேனும் வாய்மொழியாகச் சொன்னால் எழுத்தில் கேளுங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது? 2008-இல் சமீரா கோஹ்லி வழக்கில் உச்ச நீதிமன்றம், சிகிச்சையின் தன்மை, நோக்கம், பயன், மாற்றுவழிகள், முக்கியமான இடர்கள், சிகிச்சையை மறுத்தால் நேரக்கூடியவை ஆகியவற்றை நோயாளி அறிந்து முடிவெடுக்கும் அளவுக்குத் தெரிவித்த பின் பெறப்படுவதே ஒப்புதல் என்று வகுத்தது. 2018-இல் தேசிய மனித உரிமை ஆணையம் உருவாக்கிய நோயாளர் உரிமைச் சாசனம், அவர் அறிந்த மொழியில் அவருடைய புரிதல் நிலைக்கேற்ப விளக்கம் பெறும் உரிமையையும் வேறொரு மருத்துவரின் கருத்தைப் பெறும் உரிமையையும் குறிப்பிடுகிறது. உரிமை ஏட்டில் இருக்கிறது. பென்சில் பெருக்கல் குறிகள் படிவத்தில் இருக்கின்றன.

இதற்கு இரண்டு மறுப்புகளைக் கேட்டிருக்கிறேன். ஒன்று: "எல்லாவற்றையும் சொன்னால் நோயாளி அஞ்சி ஓடிவிடுவார்." 2022-இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம், லேசிக்கின் இடர்களைப் பட்டியலிட்டு நோயாளிக்குக் கொடுக்க வேண்டும் என்று ஒரு வரைவு வெளியிட்டபோது அங்குள்ள கண் மருத்துவர் அமைப்புகளும் ஏறத்தாழ இதையே சொல்லி, தீமைகளை அது மிகைப்படுத்துகிறது என்று எதிர்த்தன. அவர்கள் கவலையில் ஓரளவு நியாயம் உண்டு. பட்டியல் மட்டும் அச்சத்தைத்தான் தரும். ஆனால் அதற்கு மருந்து, எண்களை அவற்றின் அளவோடு சொல்வதுதான். 95 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் நிறைவடையும் சிகிச்சை, உண்மையைச் சொல்வதால் நலிந்துவிடாது.

இரண்டாவது மறுப்பு: "படிவத்தைத் தமிழில் மொழிபெயர்த்துவிட்டால் போதுமே." மொழி படித்தவள் என்ற முறையில் இதை நான் ஏற்கத் தயங்குகிறேன். "அறுவைக்குப் பிந்தைய விழிவெண்படலப் பிதுக்கம்" என்று அச்சிட்டால் அது தமிழ்தான். தம்பிக்கு ஆங்கிலத்தைப் போலவே அதுவும் விளங்கியிருக்காது. "கண்ணோட முன்பக்கம் மெலிஞ்சு முன்னால தள்ளிக்கும், அப்புறம் கண்ணாடி போட்டாலும் சரியாத் தெரியாது" என்று நான் சொன்னபோதுதான் அவர் பேனாவைக் கீழே வைத்தார். கலைச்சொல் நூலுக்கு வேண்டும். காத்திருப்புக் கூடத்துக்குப் பேச்சு வேண்டும். மருத்துவக் கல்வியில் இதற்கென எளிய முறை ஒன்று உண்டு: விளக்கியபின் நோயாளியையே அவர் சொற்களில் திருப்பிச் சொல்லச் சொல்வது. செலவில்லை, ஐந்து நிமிடம் போதும். "சரி, இப்போது உங்களுக்கு என்ன செய்யப் போகிறோம், எதற்காக என்று நீங்களே சொல்லுங்கள்" என்று ஒருவர் கேட்டிருந்தால், "ரயில்வே வேலைக்காக" என்ற விடை முதல் சந்திப்பிலேயே வந்திருக்கும்.

மருத்துவமனைகள் மாறும்வரை நாம் செய்யக்கூடியதைச் செய்வோம். லேசிக்குக்குச் செல்வோர் கையெழுத்துக்கு முன் கேட்க வேண்டியவை:

1. என் கார்னியாவின் தடிமன் எத்தனை மைக்ரான்? செதுக்கியபின் எவ்வளவு எஞ்சும்?
2. டோபோகிராபியில் என் கார்னியாவின் வடிவம் இயல்பாக உள்ளதா? அந்தப் படத்தின் நகலைத் தருவீர்களா?
3. ஓராண்டாக என் பவர் மாறவில்லை என்பதைப் பழைய சீட்டுகளைக் கொண்டு பார்த்தீர்களா?
4. எனக்கு இப்போதே கண் உலர்வு உள்ளதா? சோதித்தீர்களா?
5. பாவையை விரித்து விழித்திரையைப் பார்த்தீர்களா?
6. என் வேலைக்கும் இரவுப் பயணத்துக்கும் விளையாட்டுக்கும் எந்த முறை பொருந்தும்? எதுவும் செய்யாமல் கண்ணாடியோடே இருந்தால் இழப்பு என்ன?
7. அறுவை செய்யப்போகும் மருத்துவரோடு நான் எப்போது பேசலாம்? பிறகு தொல்லை வந்தால் யாரைப் பார்ப்பது, அதற்குத் தனிக்கட்டணம் உண்டா?
8. பவர் சிறிது எஞ்சினால் மறுமுறை செய்ய என் கார்னியாவில் இடமிருக்குமா?

அரசுப் பணி, ரயில்வே, படை, காவல் ஆகியவற்றுக்கு விண்ணப்பிக்க எண்ணுவோர், அந்தந்த அறிவிக்கையின் மருத்துவப் பகுதியை ஆங்கிலம் நன்கறிந்த ஒருவரைக் கொண்டு வரி விடாமல் படித்துக் கேளுங்கள். விதிகள் பணிக்குப் பணி வேறுபடும். சிலவற்றில் தடை, சிலவற்றில் கால இடைவெளியும் நிபந்தனைகளும். அறுவைக்கு முன் மட்டுமே அந்த விதிகளால் உங்களுக்குப் பயன் உண்டு.

உடன் செல்வோருக்கும் ஒரு வேண்டுகோள். நாம் பெரும்பாலும் பை தூக்கவும் பணம் கட்டவும்தான் செல்கிறோம். மொழி தெரிந்தவராயின் படிவத்தைக் கையில் வாங்கிப் பத்து நிமிடம் படித்துச் சொல்லுங்கள். நானும் அன்று கைப்பேசியைப் பார்த்துக்கொண்டுதான் அமர்ந்திருந்தேன். அவர் கேட்டிராவிட்டால் நானும் படித்திருக்க மாட்டேன்.

தம்பி இப்போது கண்ணாடியுடனேயே விண்ணப்பிக்கத்தக்க ரயில்வேப் பணிகளைத் தேடிக்கொண்டிருக்கிறார், அவை உண்டு. முன்பணத்தில் பரிசோதனைக் கட்டணம் போக மீதி திரும்பி வந்தது. ரயில் ஓட்ட முடியாது என்பதில் அவருக்கு வருத்தம் மிகுதி. அவ்வருத்தத்தை என்னால் போக்க இயலவில்லை. வேறு வேலை அமைந்த பிறகு, அந்த வேலையின் விதிகளைப் பார்த்துவிட்டு, அவர் அதே மருத்துவரிடம் மீண்டும் செல்லலாம். அன்று படிவம் எந்த மொழியில் இருந்தாலும், தம் கார்னியா எத்தனை மைக்ரான் என்பது அவருக்குத் தெரிந்திருக்கும்.